மேலே கொழுவிய சங்கிலி

போன கிழமை கிளிநொச்சியில் வைத்தியரைப் பார்த்துவிட்டு வவுனியாவுக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். இருக்க இடம் கிடைக்கவில்லை. யாராவது எழும்பி இடம் தருவார்கள் என்று எதிர்பார்ப்பதும் இந்த வயதில் ஒரு வேலையாகிவிட்டது. ஆகவே அதை விட்டுவிட்டு, மேல் கம்பியைப் பிடித்தபடி உடம்பின் பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றி மாற்றி நின்றேன். கனகராயன்குளம் தாண்டியதும் ஒரு மாடு தெருவுக்கு ஏறியது. சாரதி பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றது. நான் நிற்கவில்லை. முன்னால் போய், மரக்கறிப் பையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாவின் கத்தரிக்காய்களின் மேல் விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "பாத்து ஐயா" என்றார், அவ்வளவுதான். நான் எழும்பும்போது என் வாய் தன்பாட்டில் "சடத்துவம்" என்று சொல்லிவிட்டது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "அதுக்கென்ன" என்று பதில் சொன்னார்.

சடத்துவம் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், சும்மா கிடக்கிற பொருள் சும்மாவே கிடக்கப் பார்க்கும். வேறு ஒன்று வந்து தள்ளினாலோ மறித்தாலோதான் மாறும். எனக்கு இப்போது இரண்டாவது வகைதான் நன்றாகப் பொருந்துகிறது. காலையில் கட்டிலைவிட்டு எழும்புவதற்கே எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பஸ் மறுபடி வெளிக்கிட்டபோது யன்னலால் டீசல் புகை உள்ளே வந்தது. பெரும்பாலானவர்கள் மூக்கைப் பொத்துகிற மணம். எனக்கு அந்த மணத்தோடு ஈர மண்ணும் சேறும், தென்னோலைக் கொட்டில் ஒன்றும், அதற்குள் பலகை வாங்குகளில் இருந்த வளர்ந்த ஆண்களின் முகங்களும் சேர்ந்துதான் வரும். வவுனியா வரும்வரைக்கும் அவர்களோடுதான் நின்றுகொண்டு வந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். கொழும்பில் இயந்திரங்களைப் பற்றி இங்கிலிசில் படித்துவிட்டு அரசாங்க வேலை எடுத்திருந்தேன். முதல் நியமனம் ஸ்கந்தபுரம் பக்கமாக ஒரு குடியேற்ற ஊருக்கு. காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்திய ஊர். அதுவரைக்கும் புகையிலையும் வெங்காயமும் செய்துகொண்டிருந்தவர்கள் இங்கே நெல் விதைக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஊர்ச் சங்கத்துக்கு உழவு மிசின்கள், அதாவது டிராக்டர்கள், வந்திருந்தன. அவற்றை ஓட்டுபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறிமுறை படிப்பிக்க வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட வேலை. என்ன அவசரம் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். போன வருடம் அங்கே ஒரு மிசின் கவிழ்ந்து ஓட்டினவர் செத்துப்போனார், குடிவெறியில் ஓட்டியிருக்கிறார், இருந்தாலும் வகுப்பு நடத்தச் சொல்லி மேலிடத்துக் கட்டளை என்று சொல்லி, மேசையில் கிடந்த வேறு எதையோ வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் ஞாயிறு போன விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. என் மாமன்மார் வயதில் இருந்த ஆண்கள். கிழமை முழுக்க வரம்பு கட்டி, கட்டை கிளப்பி, நுளம்புக்கடியில் படுத்து எழும்பி, ஓய்வுக்கென்று இருந்த ஒரே நாளில் குளித்துத் திருநீறு பூசி என் முன்னால் வந்து இருந்தார்கள். நான் இங்கிலிசில் படித்ததைத் தமிழில் மாற்றி, எழுதிப் பாடமாக்கியதை ஒப்புவித்தேன். திணிவு என்றேன், உந்தம் என்றேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்க வாங்கில் ஒரு குறட்டை கேட்டது. அதைக் கேட்டு எனக்கும் கொட்டாவி வந்தது. யாரும் என்னை அவமதிக்கவில்லை. களைத்துப்போயிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் எல்லோரும் எப்போதும் களைத்துத்தான் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்பைக் காப்பாற்றியது முருகேசு அண்ணை. நாற்பது வயது மதிக்கலாம். கறுத்து மெலிந்த உடம்பு, காதில் எப்போதும் பாதி எரிந்த சுருட்டு. வேகம் கூடிக்கொண்டு போவதற்கு அப்போதுதான் அறிஞர்கள் 'ஆர்முடுகல்' என்று ஒரு சொல்லை ஆக்கித் தந்திருந்தார்கள். எனக்கே அது வாயில் முள்ளாகக் குத்தும் சொல். அதை நான் கரும்பலகையில் எழுதி வாசித்ததும் முருகேசு அண்ணை மிகப் பணிவாக எழும்பி நின்றார்.

"ஆர் மாஸ்டர் முடுகினது?"

எங்கள் பேச்சில் 'ஆர்' என்றால் யார். முடுகுவதென்றால் விரைந்து போவது. வகுப்பு சிரித்தது. குறட்டை விட்டவரும் எழும்பி, என்னவென்று கேட்டு, பிந்திச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதோடு ஒன்று விளங்கியது. இந்த மனிதர்கள் சிரிக்கிறபோதுதான் விழித்திருக்கிறார்கள். விழித்திருக்கிறபோது நான் சொல்வது ஏதாவது உள்ளே போனால் சரி.

அதற்குப் பிறகு எழுதியதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினேன். சடத்துவத்துக்கு சைக்கிள் வந்தது. பின்கரியரில் மனைவியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர் பெடலைச் சட்டென்று ஊன்றி மிதித்தால், சைக்கிளும் அவரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள், மனைவி இருந்த இடத்திலேயே, ஆனால் சைக்கிள் இல்லாமல். உராய்வுக்கு வேட்டி வந்தது. உலகத்தில் உராய்வு என்று ஒன்று இல்லாவிட்டால் இந்த வகுப்பில் ஒருவருடைய இடுப்பிலும் வேட்டி நிற்காது என்றேன். முருகேசு அண்ணை உடனே தன் வேட்டியை இறுக்கிக்கொண்டு, உராய்வு வாழ்க என்பதுபோல ஒரு கும்பிடு போட்டார். நெம்புகோலுக்குத் துலா, தண்ணீர் இறைக்கிற ஏற்றம். கிணற்றடியில் துலா மிதித்து வளர்ந்தவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. பாரமான ஆள் அச்சுக்குக் கிட்ட நிற்கலாம், மெலிந்த ஆள் தூரப் போகவேண்டும் என்பதை அவர்களுடைய உள்ளங்கால்களே அறிந்திருந்தன. அதற்குப் பெயர் மட்டும் நான் சொன்னேன்.

என்னைத் திணறடித்தவர் சரீப் நானா. தண்ணீரூற்றுப் பக்கத்திலிருந்து வந்து, குடியேற்றத்தில் ஒரு கடை போட்டு, வயலும் செய்தவர். சொந்தமாக ஒரு மிசின் வாங்கும் எண்ணத்தோடு வகுப்புக்கு வந்தார். ஒரு பொருள் இன்னொன்றை எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ அதே விசையோடு அதுவும் இதை இழுக்கும் என்று நான் சொன்ன அன்று அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். மாடு வண்டிலை இழுக்கிற அளவுக்கு வண்டிலும் மாட்டை இழுக்குமென்றால் வண்டில் ஏன் முன்னுக்குப் போகிறது என்று கேட்டார். பதிலை அடுத்த கிழமை சொல்கிறேன் என்று தப்பி, அந்தக் கிழமை முழுக்க வாய்க்கால் கரையில் வண்டில்களைப் பார்த்தபடி நடந்தேன். பிறகு வந்து, மாடு குளம்பால் நிலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, நிலம் மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது, அதுதான் விஷயம் என்றேன். அப்படியென்றால் வண்டிலைக் கொண்டுபோவது நிலம்தானே, இவ்வளவு காலமும் வைக்கோலை மாட்டுக்குப் போட்டு வீணாக்கிவிட்டேனே என்று சரீப் நானா கவலைப்பட்டார். வகுப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது.

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் சிரிக்காத ஒருவர் இருந்தார். சங்கக் கொட்டிலின் பின்பக்கம் ஒரு அடுப்பு. அதில் வகுப்புக்குத் தேத்தண்ணி வைத்துத் தந்தவர் பாக்கியம் அக்கா. முப்பதுக்கு மேலே வயது. வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து. தேத்தண்ணி கொதிக்கும்வரை அரைச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வகுப்பைக் கேட்பார். கண் கரும்பலகையிலேயே இருக்கும். ஒருநாள் கடையில் சரீப் நானாவிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். மிசின் கவிழ்ந்து செத்துப்போன கதிரவேலுவின் மனைவி என்றார். கதிரவேலுவும் முருகேசுவும் ஒரே ஊர், ஒரே லொறியில் சட்டி பானையோடு வந்து இறங்கியவர்கள், பக்கத்துப் பக்கத்துக் காணி. காடு வெட்டும்போது ஒருவர் கோடரி போட்ட இடத்தில் மற்றவரும் போட்டார், ஒருவர் வீட்டு உலை மற்றவர் வீட்டிலும் கொதித்தது என்றெல்லாம் சொன்னார். குடிவெறி பற்றிக் கேட்டேன். சரீப் நானா தராசைத் துடைத்துக்கொண்டே, எனக்கு எதுவும் தெரியாது, சங்கம் விசாரித்து அப்படித்தான் முடிவு செய்தது என்றார்.

வகுப்பு அந்த விபத்தினால்தான் வந்தது. ஆகவே மிசின் எப்படிக் கவிழ்கிறது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். பாக்கியம் அக்கா அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பார் என்பதால் அதை இரண்டு மூன்று கிழமை பின்போட்டேன். ஆனால் மழை நெருங்கிக்கொண்டிருந்தது. மழை விழுந்து மண் இளகியதும் எல்லோரும் காணிகளில் வேரோடு மிச்சமிருந்த அடிமரக் கட்டைகளை மிசினில் சங்கிலி போட்டு இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். இனிப் பிந்த முடியாது என்று ஒரு ஞாயிறு தொடங்கினேன்.

முதலில் அலுமாரி. சீதனமாக வந்த அலுமாரியை மனைவி அந்த மூலையில் வைக்கச் சொல்கிறார். அடியில் தள்ளினால் அலுமாரி நகரும். தலையில் தள்ளினால் நகராது, விழும். கண்ணாடியும் போகும், வீட்டில் சமாதானமும் போகும். தலையசைத்தார்கள். அடுத்தது குடுமி. முன்னால் நடந்துபோகிற ஒருவரைப் பின்னாலிருந்து மறிக்கவேண்டும். இடுப்பில் கயிறு போட்டு இழுத்தால் அவர் இழுபட்டுக்கொண்டு பின்னுக்கு வருவார். குடுமியில் பிடித்து இழுத்தால் மல்லாக்க விழுவார். முருகேசு அண்ணை தன் மொட்டைத் தலையைத் தடவி, தன்னை ஒருவராலும் விழுத்த முடியாது என்று கைவிரித்துக் காட்டினார். நல்ல சிரிப்பு.

மிசினும் அப்படித்தான் என்றேன். சங்கிலியைக் கீழே, பின்சக்கரச் சில்லுகளின் அச்சுக்கும் கீழே இருக்கிற இரும்பில் கொழுவினால் அது இடுப்பில் கட்டிய கயிறு. மேலே, இருக்கைக்குக் கிட்டக் கொழுவினால் குடுமி. கட்டை அசையாமல் நின்றால் மிசின் கட்டையை இழுக்காது, தன்னையே தூக்கும். முன்சில்லு எழும்பும். ஓட்டுபவர் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அவர் கீழே, மிசின் மேலே.

பின்பக்க வாங்கில் யாரோ, மேலே கொழுவினால் கட்டையை மேல்பக்கமாகத் தூக்கும், வேர் கெதியாகக் கிளம்பும் என்றுதானே நாங்கள் அப்படிச் செய்கிறோம் என்றார். எல்லோரும் அப்படியா செய்கிறீர்கள் என்று கேட்டேன். கொட்டில் முழுக்கத் தலைகள் ஆடின. முருகேசு அண்ணையின் தலை மட்டும் ஆடவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வந்தபோது அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. பாக்கியம் அக்கா ஒரு கோப்பையை ஊற்றாமல் தட்டிலேயே திருப்பிக் கொண்டுபோனார்.

அன்று பின்னேரம் வாய்க்கால் கட்டில் நடந்துகொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்து, குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அதற்கு முன் தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்பதைத் தவிர என்னோடு ஒரு வார்த்தையும் கதைத்தவர் இல்லை.

"மாஸ்டர், மேலை கொழுவினால் கவிழும் எண்டு சொன்னியள். அது குடிக்காத ஆக்களுக்கும் கவிழுமோ?"

"ஓம் அக்கா. ஆர் இருந்தாலும் கவிழும்."

 அவர் அவசரப்படாமல், ஒரு கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். "அவர் அண்டைக்கு விரதம். கந்தசஷ்டி. பச்சைத் தண்ணியும் படேல்லை. நான் சொன்னா ஆர் நம்புகினம்? பெஞ்சாதி வேறை என்ன சொல்லுவாள் எண்டு விட்டிட்டினம்."

கதிரவேலு மற்ற நாட்களில் கள்ளுக் குடிக்கிறவர்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் ஊருக்கு நம்புவது சுகமாகப் போயிற்று. இரண்டு பெண்பிள்ளைகள், வெறிகாரன்ரை பிள்ளைகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள் என்றார். சங்கத் தலைவரையும் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், இன்றைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். சொல்கிறேன் என்றேன். அப்படியானால் சங்கிலியைக் கொழுவினது யார் என்ற கேள்வியும் எழும்புமே என்று இழுத்தேன்.

"அது எனக்குத் தெரியும் மாஸ்டர். நீங்கள் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விடிய, நான் பல் விளக்கிக்கொண்டிருக்கையில் முருகேசு அண்ணை படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. காதில் சுருட்டு இல்லாதபடியால் அவர் முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. மேலே கொழுவினால் எப்போதும் கவிழுமோ என்று கேட்டார். எப்போதும் இல்லை, கட்டை இறுக்கமாக நின்று, கிளச்சையும் சட்டென்று விட்டால்தான் என்றேன். மண் நல்லாய் இளகியிருந்தாலும் அப்படித்தானோ என்றார். வேர் ஆழமாக ஓடியிருந்தால் அப்படித்தான் என்றேன். சில்லு சறுக்காமல் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம் என்று, கேளாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். சங்கிலி கழன்றிருந்தால் தப்பியிருக்கலாமோ என்று கடைசியாகக் கேட்டார். ஓம், கழன்றிருந்தால் முன்சில்லு திரும்ப நிலத்தில் விழுந்திருக்கும் என்றேன்.

"நான் அதை நல்லாக் கொழுவினனான், மாஸ்டர்" என்றார்.

 எல்லோரும் அப்படித்தானே கொழுவினவை, யாருக்கும் தெரியாதுதானே என்று ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டினார். ஒரு வேலையில் திறமான ஆள் என்று பெயரெடுத்தவருக்கு அந்தத் திறமையே இப்படி வந்து முன்னால் நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. வாயில் வேப்பங்குச்சியோடு, படலையைப் பிடித்துக்கொண்டு, அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சொந்த அப்பாவின் வயது அவருக்கு இல்லை, ஆனால் நடை அப்படி இருந்தது.

அடுத்த ஞாயிறு தலைவர் வந்திருந்தார். அவருக்கென்று கொட்டிலில் ஒரு கதிரை உண்டு. கையும் முதுகும் வைத்த பெரிய மரக்கதிரை. ஊரில் வேறு யாரும் அதில் இருப்பதில்லை. படம் கீறிக் காட்டுவதைவிடக் கதிரையை இழுத்துக் காட்டுவது நல்லது என்று நினைத்து, மிகத் தயக்கத்தோடு அதைக் கேட்டேன். அவரும் மிகத் தயக்கத்தோடு எழும்பினார். அவரை வாங்கில் மற்றவர்களோடு நெருக்கிக்கொண்டு இருக்கக் கண்டதும் வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிட்டது.

கதிரையில் ஒரு நெல் மூட்டையை வைத்து, அதுதான் ஓட்டுபவர் என்று சொல்லவிருந்தேன். மூட்டையைக் கொண்டுவர முன், முருகேசு அண்ணை எழும்பி வந்து கதிரையில் இருந்தார். எதைச் செய்து காட்டுவதற்கும் முன்னுக்கு வருவது எப்போதும் அவர்தான். ஆகவே யாருக்கும் அது புதினமாகப் படவில்லை. தலைவர் பதவிக்கு வந்துவிட்டார் என்று யாரோ கத்த, இன்னும் சிரிப்பு. வேண்டாம் அண்ணை, மூட்டை போதும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைகளைக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நேராக இருந்தார்.

கயிற்றைப் பிடித்தவர் சரீப் நானா. முதலில் கதிரையின் பின்கால்களில், நிலத்தோடு ஒட்டக் கட்டி, பின்பக்கமாக இழுத்தார். சாணி மெழுகிய தரையில் கீறு விழுத்திக்கொண்டு கதிரை பின்னுக்கு இழுபட்டது. முருகேசு அண்ணை அசையாமல் அதோடு போனார். இது இடுப்பில் கட்டிய கயிறு என்றேன். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கதிரை முதுகின் உச்சியில் கட்டச் சொல்லி, பின்னால் நின்று பிடிப்பதற்கு இரண்டு பேரைக் கூப்பிட்டேன். முருகேசு அண்ணை அவர்களைப் பார்த்துத் தலையசைத்து விலகச் சொன்னார். அவர்களும் பகிடிதான் என்று நினைத்து விலகினார்கள்.

"இழுங்கோ நானா" என்றார்.

முன்கால்கள் எழும்பின. எல்லோரும் எதிர்பார்த்த சிரிப்பு வந்துகொண்டிருக்கும்போதே கதிரை மல்லாக்கப் போய் விழுந்தது. தலை தரையில் அடித்த சத்தம் கேட்டது. சரீப் நானா கயிற்றை எறிந்துவிட்டு ஓடினார். முருகேசு அண்ணை எழும்பவில்லை. கால்கள் கதிரைக்கு மேலே தூக்கியபடி கிடக்க, தென்னோலைக் கூரையைப் பார்த்துக்கொண்டு, உரத்த குரலில் இல்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அண்டைக்குச் சங்கிலியை மேலை கொழுவினது நான். அவன் விரதம். வெறி எண்டு நீங்கள் சொல்லேக்கை நானும் பேசாமல் இருந்தனான். எனக்கு அப்ப ஏன் கவிழ்ந்தது எண்டு தெரியாது. வெறியாக்கும் எண்டு நானும் நம்பீட்டன்."

  கடைசி வசனம் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது. தன்னோடு ஒரு லொறியில் வந்த சிநேகிதன் அன்று விரதம் என்று தெரிந்திருந்தும், முருகேசு அண்ணை ஊர் சொன்னதை நம்பிவிட்டார். நம்பாவிட்டால் வேறு ஒரு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும்.

அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியம் அக்கா தட்டோடு வந்தார். தட்டில் எல்லோருக்குமான கோப்பைகள். நேராக முருகேசு அண்ணை கிடந்த இடத்துக்குப் போய் நின்றார். அடிப்பாரோ அழுவாரோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழும்புங்கோ. தேத்தண்ணி ஆறுது" என்றார்.

அவர் எழும்பி, கதிரையை நிமிர்த்தித் தலைவரின் இடத்தில் வைத்துவிட்டு, வாங்கின் ஓரத்தில் இருந்து தேத்தண்ணியைக் குடித்தார். பின்தலையிலிருந்து இரத்தம் கழுத்துக்கு வழிந்ததை அவர் கவனிக்கவில்லை. சரீப் நானா தன் சால்வையால் அதைத் துடைத்தார்.

தலைவர் அந்த மாதக் கூட்டத்தில், கதிரவேலு வெறியில் இருக்கவில்லை, நடந்தது அறியாமையால் வந்த விபத்து என்று எழும்பி நின்று சொன்னார். அது அவருக்கு இலேசான விஷயமாக இருந்திருக்காது. ஊரில் வெறிக் கதை மெல்ல மெல்ல அடங்கியது. மழை விழுந்து கட்டை இழுக்கத் தொடங்கியபோது ஒருவரும் மேலே கொழுவவில்லை. நான் தங்கியிருந்த காலம் வரைக்கும் வேறு மிசின் கவிழவும் இல்லை.

இந்த இடத்தில், பாக்கியம் அக்கா முருகேசு அண்ணையை மன்னித்துவிட்டார் என்று சொல்லிக் கதையை முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அப்படி நடந்ததாக எனக்குத் தெரியாது. அந்த ஞாயிறு கொடுத்த தேத்தண்ணியோடு சரி. ஒவ்வொரு போகமும் முருகேசு அண்ணை தன் வயலுக்கு முன் அவருடைய வயலை உழுது கொடுத்தார். மிசின் சத்தம் கேட்டதும் பாக்கியம் அக்கா வரம்பில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் உழுது முடித்து, குடித்து, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். எனக்கு இடமாற்றம் வந்து போன பிறகும், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரிப்பேன். பிள்ளைகள் கலியாணம் கட்டிய பிறகும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் முருகேசு அண்ணை வகுப்புக்குக் கடைசிவரை வந்தார். ஆனால் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். வகுப்பு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறட்டைக்குத் திரும்பியது.

நானும் அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருக்கு இதே பாடத்தைப் படிப்பித்தேன். வேட்டிக் கதை சொல்வேன், சைக்கிள் கதை சொல்வேன். கவிழ்கிற பாடம் வரும்போது அலுமாரியோடு நிறுத்திக்கொள்வேன். சிரிக்கிற முகங்களில் சிரிக்காத முகம் எது என்று தேடும் பழக்கம் ஒன்று தொற்றிவிட்டது. அது ஒரு ஆசிரியருக்குக் களைப்பூட்டும் பழக்கம்.

நாட்டில் நடந்த சண்டை முடிந்து சில காலத்துக்குப் பிறகு, ஒரு உறவினரின் காணி விஷயமாக அந்த ஊருக்குப் போகவேண்டி வந்தது. வாய்க்கால் இருந்தது. சங்கக் கொட்டில் இருந்த இடத்தில் பற்றை மண்டிக் கிடந்தது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றுகூட மட்டுக்கட்ட முடியவில்லை. சரீப் நானா, வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளிக்கிட வேண்டிவந்தபோது கடையைப் பூட்டாமலேயே போனவர். புத்தளத்தில் காலமானார் என்று அவருடைய மகன் பிறகு சொன்னார். முருகேசு அண்ணை அதற்கும் முன்பே, நோயில் போய்விட்டார். பாக்கியம் அக்கா கடைசி இடப்பெயர்வில் புதுக்குடியிருப்புவரை நடந்து போயிருக்கிறார். அதற்கு அப்பால் அவரைக் கண்டவர்கள் இல்லை. பெண்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல யாரும் அங்கே இல்லை.

பாக்கியம் அக்கா வீட்டுக் காணியில் புதிதாகக் குடியிருக்கிற ஒரு பெடியனிடம், கதிரவேலு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீரா என்று கேட்டேன். மரியாதையாக யோசித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார். இருவருக்கும் தெரியவில்லை. வெறிகாரன் என்றும் தெரியவில்லை, விரதகாரன் என்றும் தெரியவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.